பிள்ளைக்குப் பழந்துணி, தாய்க்குப் பணம்

செஞ்சி வாரச்சந்தை வெள்ளிக்கிழமை கூடும். ஆட்டு வியாபாரம் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். பொங்கல், தீபாவளி, பக்ரீத் நெருங்கினால் கோடிக்கணக்கில் பணம் கைமாறியதாகப் பத்திரிகைகளில் படத்தோடு செய்தி வரும். பண்டிகை இல்லாத வாரத்திலும் ஆடுகள் வரத்தான் செய்கின்றன. பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டும், கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது, மகளுக்கு மாதம் நெருங்கிவிட்டது என்று ஆளுக்கொரு அவசரம். இந்த வட்டாரத்துச் சிற்றூர்களில் அவசரத்துக்கு முதலில் விலைபோவது ஆடு, அதற்கடுத்து அடகுக் கடைக்குப் போவது கம்மல்.

மகளுக்கு மாதம் நெருங்கினால் ஆட்டை ஏன் விற்க வேண்டும்? அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குக் கட்டணம் இல்லை. தடுப்பூசிக்குப் பணம் இல்லை. தாய்ப்பாலுக்கு விலை இல்லை. பிறந்த பிள்ளை மூன்று கிலோ இருக்கும். அதற்கு உடுத்தவும் விரிக்கவும் வேண்டிய துணி ஒரு மஞ்சப்பைக்குள் அடங்கும். அப்படியிருந்தும், தலைப்பிரசவம் பார்த்து மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவைக்கும் தாய்வீடுகளில் பல அந்த ஆண்டு முழுக்க வட்டி கட்டுகின்றன. இடையில் பணம் எங்கே போனது என்ற கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

ஊரைப் பற்றி இரண்டு வரி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் வளைத்துக் கட்டிய செஞ்சிக் கோட்டை, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியரின் படைத்தலங்களாக இருந்த 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்தார்கள். அதில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான். சுற்றுலாக்காரர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சுற்றுவட்டத்து விவசாயக் குடும்பங்களுக்குச் செஞ்சி என்றால் நெல்லும் மணிலா என்கிற வேர்க்கடலையும் எடை போடும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், ஜவுளியும் நகையும் பாத்திரமும் வாங்கும் கடைத்தெரு, பிறகு அரசு மருத்துவமனை. சிக்கலான பிரசவம் என்றால் முண்டியம்பாக்கத்துக்கோ திருவண்ணாமலைக்கோ அனுப்புவார்கள். பெரிய ஜவுளிக்கடை வேண்டுமென்றால் திண்டிவனம், புதுச்சேரி. இப்போது அந்த அலைச்சலும் குறைந்துவிட்டது. கைப்பேசியில் ‘பிறந்த குழந்தைக்குத் தேவையானவை’ என்று தட்டினால் ஐம்பது பொருளுக்குக் குறையாமல் பட்டியல் வருகிறது. மூன்றாம் நாள் வீட்டு வாசலிலேயே பார்சல் இறங்குகிறது.

பிறக்கும் முன் வாங்காதே

ஐம்பது பொருள் பட்டியலைப் பார்த்தால் பழைய ஆயாக்கள் மிரண்டுபோவார்கள். பிள்ளை பிறப்பதற்கு முன் அதற்கென்று ஒரு முழத் துணிகூட வாங்கக்கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடலாம்தான், ஆனால் அதன் வேர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அதற்கு முந்தைய தலைமுறைகளில் இன்னும் மோசம். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பதாகப் பாவனை செய்து திரும்ப வாங்கிக்கொண்டாள். குப்பையில் போட்டு எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்றும், பிச்சை கேட்டு வாங்கியதாகச் சொல்லிப் பிச்சை என்றும் பெயர் வைத்தாள். மதிப்பில்லாத பொருளை எமன் தொடமாட்டான் என்ற கணக்கு. அப்படிப்பட்ட வீட்டில் வராத பிள்ளைக்கு முன்கூட்டியே புதுச்சட்டை வாங்கிவைக்க யாருக்கு மனம் வரும்? வாங்கிவைத்த சட்டையை அப்புறம் என்ன செய்வது?

2020ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டின் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 13. இந்தியா முழுமைக்கும் 28. அந்தப் பயம் பெரும்பாலும் விலகிவிட்டது, கட்டுப்பாடு மட்டும் பாதியாகத் தேய்ந்து நிற்கிறது. என் கணிப்பில் அது இன்றைக்கும் பயனுள்ள கட்டுப்பாடுதான், காரணம் மட்டும் வேறு. பிறக்கும் முன் வாங்குகிறவர்கள் பட்டியலைப் பார்த்து வாங்குகிறார்கள். பிறந்த பின் வாங்குகிறவர்கள் பிள்ளையைப் பார்த்து வாங்குகிறார்கள். பிள்ளை எவ்வளவு எடை, வெயில் மாதமா மழை மாதமா, உறவுக்காரர்கள் என்னென்ன கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் தெரிந்த பிறகு கடைக்குப் போனால் பாதிப் பொருள் தானாகக் குறைந்துவிடும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கொண்டுவருவது சோப்பு, பவுடர், எண்ணெய் அடங்கிய பெட்டியும் ‘0–3 மாதம்’ என்று போட்ட சட்டையும்தான். பிறந்த குழந்தை ஏறக்குறைய ஐந்தாம் மாதத்தில் எடை இரட்டிப்பாகும். அந்தச் சட்டைகளில் சில விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காமல் பீரோவுக்குள் போகும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் பை

முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியது ஒரு பை மட்டும். அதில் முதல் பொருள் பழைய பருத்தி வேட்டி. தாத்தாவின் வேட்டியோ அப்பாவின் வேட்டியோ, பலமுறை துவைத்து நூல் தளர்ந்துபோனதாக இருந்தால் சிறப்பு. கடைத்துணியில் கஞ்சி இருக்கும், சாய வாசனை இருக்கும். பழைய வேட்டியில் இரண்டும் கிடையாது. அதைச் சதுரமாகக் கிழித்து, கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, நல்ல வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, சுத்தமான பையில் கட்டிவைக்க வேண்டும். இருபது துண்டு இருந்தால் தாராளம். சுற்றிப் பிடிக்க இரண்டு பெரிய துண்டு. தலைக்குக் குல்லா, காலுக்கு உறை. பச்சைக் குழந்தையின் உடல் சூடு தலை வழியாக வேகமாக இறங்கும் என்பதால் சித்திரை மாதத்திலும் பிறந்த உடனே குல்லா போடச் சொல்கிறார்கள் டாக்டர்கள். முன்பக்கம் நாடா வைத்துக் கட்டும் ஜபலா நான்கைந்து. அவ்வளவுதான்.

பழந்துணி என்று சொல்லும்போது ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெட்டியில் பத்திரமாக வைத்த துணி என்றால் அதில் அந்துருண்டை கிடந்திருக்கும். பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையின் நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. ஆகவே அக்கா வீட்டுப் பெட்டியிலிருந்து வரும் துணி எதுவானாலும் வெந்நீரில் அலசி இரண்டு நாள் வெயிலில் காய்ந்த பிறகே பிள்ளைமீது பட வேண்டும்.

அந்தப் பையில் சோப்பு வேண்டாம். பிறந்து 24 மணி நேரம் கழித்துத்தான் குளிப்பாட்ட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் மேல் வெண்ணெய் தடவியதுபோல் ஒட்டியிருப்பது அழுக்கென்று பலர் அவசரமாகத் தேய்த்து எடுக்கிறார்கள். அது தோலைக் காக்கும் பூச்சு, தானாக உதிரும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஏணை என்கிற தூளி. ஏணைக்குப் பருத்திப் புடவை. நைலக்ஸ், பாலியெஸ்டர் புடவை வழுக்கும், வெக்கையும் பிடிக்கும். விட்டமோ கொக்கியோ உறுதியாக இருக்கிறதா என்று பெரியவர் ஒருவர் தொங்கிப் பார்த்துவிட வேண்டும். ஏணை தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயராமல், அடியில் பாய் விரித்திருந்தால் நல்லது. குழந்தை மல்லாந்து, மட்டமான பரப்பில், முகத்தில் துணி படாமல் தூங்குவதுதான் பாதுகாப்பு என்பது குழந்தை மருத்துவர்களின் பொதுவான கருத்து. ஆகவே பக்கத்தில் ஆள் இருக்கும் நேரத்துக்கு ஏணை, இரவுத் தூக்கத்துக்குப் பாய். குப்புற விழத் தொடங்கியதும் ஏணையை அவிழ்த்துவிடலாம். தலை உருண்டையாக வர வேண்டுமென்று விற்கும் கடுகுத் தலையணை எந்த வயதிலும் தேவையில்லை. கொசுவலை தேவை, குடைபோல் மடங்கும் சின்ன வலை போதும். ஒரு டிஜிட்டல் வெப்பமானி, ஒரு நகவெட்டி, ஒரு ரப்பர் ஷீட். மரத்தொட்டில், தள்ளுவண்டி, குளியல் தொட்டி மூன்றும் செஞ்சித் தெருவுக்கும் வீட்டுக்கும் பொருந்தாத பொருள்கள். தெருவில் தள்ளுவண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அரசாங்கம் தரும் பெட்டி

2015 செப்டம்பரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா ‘அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகம்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு 1,000 ரூபாய் மதிப்பில் 16 பொருள்கள். குழந்தைக்குத் துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், ஷாம்பூ, சோப்பு, சோப்புப் பெட்டி, நகவெட்டி, கிலுகிலுப்பை, பொம்மை. தாய்க்குக் குளியல் சோப்பு, கை கழுவும் திரவம், சௌபாக்கிய சுண்டி லேகியம். எல்லாவற்றையும் போட்டுவைக்க ஒரு பை. தெலங்கானா 2017இல் இதேபோல் ஒரு பெட்டகத்தைக் கொடுக்கத் தொடங்கியது. கையிருப்பு எப்போதும் ஒரே சீராக இருக்காது என்பதால், பிரசவத் தேதிக்கு முன்பே கிராம செவிலியரிடம் பெட்டகம் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு மிச்சத்தை வாங்குவதே சிக்கனம். கொசுவலையும் நகவெட்டியும் இரண்டிரண்டாகச் சேரும் வீடுகள் நிறைய.

இந்த யோசனைக்கு உலகில் மூத்த உதாரணம் பின்லாந்து. 1938 முதல் அங்கே ஏழைத் தாய்மாருக்குப் பிரசவப் பெட்டி கொடுத்தார்கள், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும். துணிமணிகள் அடுக்கிய அட்டைப் பெட்டி. துணியை எடுத்துவிட்டு மெத்தையைப் போட்டால் அதுவே குழந்தையின் முதல் படுக்கை. படங்களில் எல்லோரும் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான். அதோடு ஒட்டியிருந்த நிபந்தனை படத்தில் தெரியாது: கர்ப்பத்தின் நான்காம் மாதம் முடிவதற்குள் தாய் மருத்துவரையோ செவிலியரையோ பார்த்திருக்க வேண்டும். பெட்டிக்காக வந்தவள் பரிசோதனைக்கும் உட்பட்டாள். துணியைவிட அந்தப் பரிசோதனை காப்பாற்றிய உயிர்களே அதிகம் என்று நினைக்க இடமிருக்கிறது.

தமிழ்நாட்டில் அதே வேலையைச் செய்வது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். புதுக்கோட்டையில் பிறந்து, மருத்துவம் படித்து, சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் முதல் பெண் உறுப்பினராக அமர்ந்து, அவ்வை இல்லத்தையும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் உருவாக்கியவர் பெயரில் 1980களின் பிற்பகுதியில் 300 ரூபாயோடு தொடங்கிய திட்டம் இது. 2006இல் 6,000 ஆனது, 2011இல் 12,000, 2018இல் 18,000. ஆட்சி மாறினாலும் தொகை ஏறிக்கொண்டே வந்த அபூர்வமான திட்டம். 18,000 என்பதில் 14,000 ரொக்கம். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய் முதலியவை அதில் உண்டு. முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவுசெய்து, அதற்கான பிக்மி என்ற பதிவெண் வாங்கியிருக்க வேண்டும். ஆதாரில் அப்பா பெயரும் வங்கிக் கணக்கில் கணவர் பெயரும் இருந்தால் பணம் நடுவழியில் நிற்கும். அதனால் கல்யாணம் ஆனவுடனேயே அந்தப் பெயர்த் தகராறைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

ரொக்கம் வரும் காலத்தைக் கவனியுங்கள். கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000. பிள்ளை பிறந்த நான்காம் மாதம் 6,000. ஒன்பதாம் மாதம் 2,000. கர்ப்பத்தை முன்கூட்டிப் பதிவுசெய்ய வைப்பதும், 14ஆம் வாரத் தடுப்பூசிவரை குழந்தையைக் கொண்டுவர வைப்பதும் இந்தத் தவணைகளின் நோக்கம். மருத்துவக் கணக்கில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. குடும்பக் கணக்கில் பார்த்தால் சிக்கல்: பிரசவம் நடக்கும் மாதத்திலும், அதற்கு முன்னும் பின்னும் சில மாதங்களிலும் ஒரு தவணையும் இல்லை. ஆட்டையும் கம்மலையும் தேடும் மாதங்கள் அவைதான்.

1990களில் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்த இன்னொரு செலவு இன்றும் முழுதாக ஒழியவில்லை. 2011 முதல் நடைமுறையில் உள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், சாப்பாடு எல்லாம் இலவசம். 102 வண்டி தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவந்து விடும். இத்தனைக்கும் பிறகு, பிள்ளையைத் துணியில் சுற்றிக் காட்டும்போது நீளும் கைகளுக்கென்று சில நூறு ரூபாய்த் தாள்களை மடியில் முடிந்துகொண்டு போகும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு ஒரு ரேட், பெண் பிள்ளைக்கு ஒரு ரேட் என்பது அதில் இன்னும் கேவலம்.

டயப்பர் கணக்கு

ஒரு டயப்பர் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஆறு. மாதத்துக்கு 1,800 ரூபாய். நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025–26இல் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். ஐந்து நாள் மண் வெட்டினாலும் ஒரு மாதத்து டயப்பருக்குப் போதாது. 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பருக்கும் பால் புட்டிக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்லதுதான். அதனால் கூலிக்கணக்கில் பெரிய மாற்றம் இல்லை. இதற்கிடையில் ஆன்லைனில் தள்ளுபடி அறிவித்தால், முகலாயத் தளபதி ஜுல்பிகர் கானின் முற்றுகைக்கு அஞ்சிச் செஞ்சிக் கோட்டைக்குள் நெல் சேர்த்த மாதிரி, பிறக்காத பிள்ளைக்கு ஆறு பொட்டலம் வாங்கி அடுக்குகிறார்கள். அந்த முற்றுகை எட்டு ஆண்டு நீடித்தது. ‘நியூபார்ன்’ அளவு டயப்பர் சில வாரங்கள்கூடத் தாங்காது.

துணிக்கு இன்னொரு லாபமும் உண்டு. பால் போதுமா என்ற கவலை எல்லாத் தாய்மாருக்கும் வரும். போதுமான பால் குடிக்கும் குழந்தை முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போகும். துணியென்றால் எண்ணிவிடலாம். டயப்பரில் அந்தக் கணக்குத் தெரியாமல், பால் பற்றவில்லையோ என்று பயந்து பவுடர் டப்பா வாங்க ஓடுகிறார்கள். ஒரு செலவு இன்னொரு செலவைக் கூட்டிக்கொண்டு வரும்.

இருந்தாலும் துணியைப் புகழ்கிற ஆண்களிடம் ஒரு கேள்வி: துவைப்பது யார்? ஒரு நாளைக்கு இருபது துணி. தண்ணீர் எடுத்துக் கொதிக்கவைத்துத் துவைத்து உலர்த்துவது பிள்ளை பெற்றவளோ அவள் அம்மாவோதான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019–21இல் தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். வயிற்றில் தையலோடு குனிந்து துணி அலசுவதைச் சிக்கனம் என்று சொல்லக்கூடாது. இரவுக்கு ஒன்று, ஊசி போடப் போகும் நாளுக்கு இரண்டு என்று டயப்பரை வைத்துக்கொண்டு, பகலில் துணி. மாதம் நானூறு ரூபாய்க்குள் அடங்கும். பகல் துணியைப் பிள்ளையின் அப்பா துவைத்தால் கணக்கு இன்னும் நேராகும்.

புட்டி, பவுடர், மை

தாய்ப்பால் மாற்று உணவுகளையும் பால் புட்டிகளையும் கட்டுப்படுத்தும் இந்தியச் சட்டம் 1992இல் வந்தது, 2003இல் இறுக்கப்பட்டது. அதன்படி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடருக்கும் புட்டிக்கும் விளம்பரம் கூடாது, டப்பாவில் குழந்தைப் படம் கூடாது, இலவச மாதிரி கூடாது. கடையில் மட்டும் புட்டி தாராளமாகத் தொங்கும். பெரும்பாலோர் பட்டியலில் முதல் பொருளும் அதுதான். புட்டி வாங்கினால் அதைக் கொதிக்கவைக்கப் பாத்திரம், கழுவப் பிரஷ், மாற்று நிப்பிள், பால் பவுடர் எல்லாம் வரிசையில் வரும். சரியாகக் கழுவாத புட்டியால் வயிற்றுப்போக்கு வந்தால் ஆஸ்பத்திரிச் செலவும் சேரும்.

தாய் மார்பில் குடிக்க முடியாத குழந்தைக்கு, பீய்ச்சி எடுத்த பாலைக் கொடுக்க நம் பாத்திரக்கடையிலேயே பொருள் இருக்கிறது: பாலாடை. மூக்கு நீண்ட அந்தச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைத்தான் இந்திய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் குறைமாதப் பிள்ளைகளுக்குப் பால் புகட்டப் பயன்படுத்துகிறார்கள். நிப்பிள் இல்லை, மூலைமுடுக்கு இல்லை. கொதிநீரில் போட்டு எடுத்தால் சுத்தம். விலையும் சொற்பம். அதில் பாலைத் தவிர வேறெதுவும் ஊற்றக்கூடாது என்பதைத்தான் வீட்டில் சண்டை போட்டு நிலைநிறுத்த வேண்டியிருக்கும். சர்க்கரைத் தண்ணீர், தேன், உரைமருந்து, கழுதைப்பால் என்று ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலுள்ள கிருமியின் நஞ்சு நரம்பை முடக்கக்கூடும்.

1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்டு தயாரித்த கிரைப் வாட்டரில் முதலில் சாராயமும் கலந்திருந்தது. பிள்ளை அழுகையை நிறுத்தியதில் வியப்பில்லை. இன்றைய புட்டியில் சாராயம் கிடையாது, தேவையும் கிடையாது. டால்க் கலந்த குழந்தைப் பவுடரை ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனமே 2023இல் உலகம் முழுக்க நிறுத்திவிட்டது. எந்தப் பவுடரானாலும் பறக்கும் தூள் பிள்ளையின் நுரையீரலுக்குப் போகும். கண் மையில் ஈயம் கலந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. திருஷ்டிக்கு ஒரு பொட்டு வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் உள்ளங்காலில் வைக்கலாம். கண்ணேறு கழித்த மாதிரியும் ஆச்சு, மாமியாருக்கும் மனக்குறை இல்லை.

சீர்

இதுவரை சொன்ன பொருள்கள் அத்தனையையும் வாங்கினாலும் சில ஆயிரத்துக்குள் முடியும். ஆடு விலைபோவது இதற்காக இல்லை. பேர் வைக்கும் நாளுக்காக.

தாய்மாமன் வெள்ளி அரணாக்கொடி போட வேண்டும், காப்பு, கொலுசு. அம்மா வீட்டில் தங்க மோதிரம், வசதியிருந்தால் சங்கிலி. மருமகனுக்கு வேட்டி சட்டை, சம்பந்தி வீட்டாருக்குத் துணி. முன்பெல்லாம் வாசலில் பந்தல் போட்டு உறவுமுறையோடு முடிந்த காரியம், இன்று மண்டபம், தொட்டில் அலங்காரம், பிளெக்ஸ் பேனர், போட்டோக்காரர், பிரியாணி என்று சின்னக் கல்யாணமாக வளர்ந்துவிட்டது. மொய் திரும்பி வரும் என்பார்கள். வரும், ஆனால் அது மருமகனைப் பெற்றவர் வீட்டு மொய் நோட்டில் எழுதப்பட்டிருக்கும்.

2025 அக்டோபரில் ஒரு பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. அப்படியென்றால் ஒரு கிராம் 11,000க்கு மேல். செய்கூலி, சேதாரம், வரி சேர்த்தால் விரல்நுனியளவு மோதிரம் ஒன்று, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் மொத்த ரொக்கத்தையும் ஏறக்குறைய விழுங்கிவிடும். அந்த மோதிரத்தைப் பிள்ளை போட்டுக்கொள்ளாது. போட்டால் வாயில் வைக்கும். மூன்றாம் நாள் கழற்றி வைத்து, ஆறாம் மாதம் அடகுக் கடைக்குப் போகும். மாமன் சீர் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் உள்ள உறவை ஊர் பார்க்கும் நாள் அது. வெள்ளி அரணாக்கொடிக்குப் பதில் கறுப்புக் கயிறு கட்டி, மீதிப் பணத்தை அஞ்சலகத்தில் பிள்ளை பெயரில் போடும் மாமன்களும் இருக்கிறார்கள். பெண் பிள்ளை என்றால் செல்வமகள் சேமிப்புக் கணக்கை 250 ரூபாயில் தொடங்கலாம். பாஸ்புத்தகத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் சபையில் மின்னாது என்பதுதான் அதன் ஒரே குறை.

பட்டியலில் இல்லாத ஆள்

எந்தக் கடைப் பட்டியலை எடுத்தாலும் தாய்க்கான இடம் கடைசி வரி. அரசுப் பெட்டகத்திலும் 16இல் மூன்றுதான் அவளுக்கு. அதே குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. பிரசவத்தில் ரத்தம் இழந்த பிறகு அவள் உடம்புதான் ஆறு மாதத்துக்குப் பிள்ளையின் ஒரே உணவு. பிள்ளைக்குப் புதுச்சட்டை எடுக்க ஆயிரம் ரூபாய் தாராளமாக எடுக்கும் வீட்டில், பத்தியம் என்ற பெயரில் அவளுக்குப் பூண்டுக் குழம்பும் ஒரு கைச் சோறும் வைத்து, கீரை சளி பிடிக்கும், முட்டை சூடு, தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு பெருக்கும் என்று கட்டுப்படுத்துவது கணக்கிலும் தப்பு, மருத்துவத்திலும் தப்பு. பத்தியச் சமையலில் நல்லதும் உண்டு. கருவாட்டுக் குழம்பு, சுறாப்புட்டு, பூண்டு, சுக்கு, வெல்லம் எல்லாம் இருக்கட்டும். அதோடு தினம் ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், கீரை, பருப்பு, மணிலா உருண்டை. மணிலா செஞ்சியில் மலிவுதானே. பிரசவத்துக்குப் பின் 180 நாள் சாப்பிட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரையை அரசு இலவசமாகத் தருகிறது. பல வீடுகளில் அது ஜன்னல் விளிம்பில் கிடக்கிறது.

அவளுக்கு வாங்க வேண்டியவை: முன்பக்கம் திறக்கும் பருத்தி நைட்டி மூன்று, உறிஞ்சும் திறனுள்ள பெரிய நாப்கின், பிளாஸ்க் ஒன்று, முதுகுக்கு முட்டுக்கொடுக்க நல்ல தலையணை. இரவில் மூன்று தடவை எழுந்து பால் கொடுப்பவளுக்குப் பக்கத்தில் வெந்நீர் இருப்பது பெரிய உபகாரம். ஆட்டோ வாடகைக்கென்று தனியாக ஆயிரம் ரூபாய் ஒதுக்கிவைக்கலாம். பிறந்த அன்றைய பிசிஜி, மஞ்சள் காமாலை ஊசிகளுக்கும் போலியோ சொட்டு மருந்துக்கும் பிறகு ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் மறுபடி போக வேண்டும். ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி இந்தியாவில் முதலில் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான், 2011 டிசம்பரில். தனியாரில் ஆயிரக்கணக்கில் விலை வைத்திருக்கும் நிமோனியா தடுப்பூசியும் 2021 முதல் இலவசப் பட்டியலில் உண்டு. 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவுசெய்தால் கட்டணம் இல்லை. பேர் முடிவாகவில்லை என்று ஜோசியருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வருஷத்துக்குள் பேரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். 2023 அக்டோபர் முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முதல் பாஸ்போர்ட்வரை பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம்.

ஒன்பதாம் மாதம் கடைசித் தவணை 2,000 ரூபாய் வரும்போது தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்கும் நாள் வந்திருக்கும். அதற்குள் பிள்ளை கேழ்வரகுக் கூழும் மசித்த பருப்புச் சோறும் சாப்பிடத் தொடங்கியிருக்கும். அங்கன்வாடியில் ஆறாம் மாதம் முதலே சத்துமாவு கிடைக்கிறது. அந்த நேரத்தில்தான் வீட்டுக்கு யாராவது ஒருவர் வாக்கர் வாங்கிக்கொண்டு வருவார். படிக்கட்டில் உருண்டும் அடுப்பங்கரையில் மோதியும் பிள்ளைகள் அடிபட்டதால் 2004இல் கனடா வாக்கர் விற்பனையையே தடை செய்தது. நம்மூரில் அதைத் தடுக்கச் சட்டம் இல்லை, வாங்கி வந்த பெரியப்பாவிடம் நயமாகச் சொல்லிக் கடையில் மாற்றி, அதே விலைக்கு மருமகளுக்கு இரண்டு பருத்தி நைட்டி எடுக்கலாம்.